யோவான் 21: அகாபே உயர்ந்தது, ஃபிலியோ தாழ்ந்ததா?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் பேதுருவிடம் "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு முறையும் அவர் கேட்டது அகாபே, அதாவது நிபந்தனையற்ற தெய்வீக அன்பு. பேதுருவால் ஃபிலியோ, அதாவது வெறும் நட்பு என்ற அளவில்தான் பதில் சொல்ல முடிந்தது. கடைசியில் இயேசுவே இறங்கி வந்து "சரி, ஃபிலியோவாவது இருக்கிறதா" என்று கேட்டார், அதனால்தான் பேதுரு துக்கப்பட்டான். இப்படி ஒரு பிரசங்கத்தில் கேட்டதாகவும், இது சரியா, இதை வைத்து வேதபாடம் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சொல் மாறுவது உண்மைதான். கிரேக்கத்தில் உள்ளதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால், முதல் கேள்வி "அகபாஸ் மெ", பதில் "ஃபிலோ செ". இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கேள்வி மட்டும் "ஃபிலெய்ஸ் மெ", அதற்கும் பதில் "ஃபிலோ செ". அகபாவோ, ஃபிலெயோ என்று இரண்டு வினைச்சொற்கள். அகாபே என்பது முதலாவதன் பெயர்ச்சொல். பிரசங்கங்களில் எல்லாமே "அகாபே, ஃபிலியோ" என்று ஓடுவதால் நானும் வசதிக்காக அப்படியே எழுதுகிறேன். ஆக, பிரசங்கியார் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று தரம் பிரித்தாரே, அதற்கு யோவான் சுவிசேஷத்தில் ஆதாரம் கிடையாது. எதிராகத்தான் இருக்கிறது, அதுவும் நிறைய.

பெரும்பாலோர் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்திலேயே இந்தச் சொல் மாற்றம் தெரியும். முதல் இரண்டு கேள்வியும் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா", மூன்றாவது "என்னை நேசிக்கிறாயா", பேதுருவின் பதில் மூன்று முறையும் "உம்மை நேசிக்கிறேன்". மொழிபெயர்த்தவர்கள் கிரேக்கத்தைப் பார்த்துக் கவனமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் தமிழில் வாசிக்கிற நமக்கு "அன்பாயிருப்பது பெரிது, நேசிப்பது சின்னது" என்று தோன்றுகிறதா? தோன்றாது. "நேசிக்கிறேன்" என்றதும் ஐயோ, அன்பு என்று சொல்லாமல் நழுவிவிட்டானே என்று யாரும் பேதுருவைக் குறை சொல்லப்போவதில்லை. அந்த இயல்பான வாசிப்புதான் கிரேக்கத்துக்கும் பொருத்தமானது என்பது என் கட்சி.

யோவான் இந்த இரண்டு சொல்லையும் மற்ற இடங்களில் எப்படிப் புழங்குகிறார் என்று பாருங்கள். ஓர் எழுத்தாளர் ஒரு சொல்லை என்ன அர்த்தத்தில் எழுதுகிறார் என்பதற்கு அவருடைய மற்ற வாக்கியங்களைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. 3:35-ல் பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார், கிரேக்கத்தில் அகாபே. 5:20-ல் அதே பிதா, அதே குமாரன், அதே அன்பு, ஆனால் சொல் ஃபிலியோ. பிதாவுக்குக் குமாரன்மேல் உள்ள அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் தரம் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? லாசருவை எடுத்துக்கொள்ளுங்கள். 11:3-ல் "நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்" என்று சகோதரிகள் ஆள் அனுப்புகிறார்கள், அது ஃபிலியோ. இரண்டு வசனம் தள்ளி, இயேசு லாசருவினிடத்தில் அன்பாயிருந்தார் என்று யோவானே சொல்லும்போது அகாபே. 36-ல் யூதர்கள் "இவர் அவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார்" என்னும்போது மறுபடி ஃபிலியோ. "இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷன்" என்று ஒருவர் வருகிறாரே, அவரைப் பற்றி 13:23, 19:26, 21:7, 21:20 எல்லாவற்றிலும் அகாபே, 20:2-ல் மட்டும் ஃபிலியோ. கல்லறைக்கு ஓடின அன்று காலை மட்டும் இயேசுவுக்கு அவர்மேல் இருந்த அன்பு கொஞ்சம் இறங்கியிருந்ததா என்ன! 16:27-ல் பிதா சீஷர்களைச் சிநேகிக்கிறார் என்கிறாரே, அதுவும் ஃபிலியோதான். பிதாவின் அன்புக்கே அந்தச் சொல் போதும் என்றால், அது "வெறும் நட்பு" ஆகாது.

சரி, ஃபிலியோ அவ்வளவு தாழ்ந்தது இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அகாபே மட்டுமாவது எப்போதும் தெய்வீகமானதா? அதுவும் இல்லை. இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அகாபே கெட்ட காரியங்களுக்கு வருகிற இடங்களில் நம் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் "அன்பு" என்று போடாமல் வேறு சொல்லுக்குத் தாவிவிடும், அதனால் நம் கண்ணில் படாது. யோவான் 3:19-ல் மனுஷர் ஒளியைப் பார்க்கிலும் இருளை "விரும்புகிறார்கள்", கிரேக்கத்தில் அது அகாபேயின் வினைச்சொல். 12:43-ல் மனுஷரால் வருகிற மகிமையை "விரும்பினார்கள்", அதே சொல். லூக்கா 11:43-ல் பரிசேயர் முதன்மையான ஆசனங்களை "விரும்புகிறீர்கள்", அதே சொல். 2 தீமோத்தேயு 4:10-ல் தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் "ஆசைவைத்து" பவுலை விட்டுப் போனான், அதே சொல்தான். தேமாவுக்கு உலகத்தின்மேல் இருந்தது நிபந்தனையற்ற தெய்வீக அன்பு என்று பிரசங்கம் பண்ண முடியுமா? முடியாது இல்லையா, அப்படியானால் "நிபந்தனையற்ற, தெய்வீக" என்பதெல்லாம் சொல்லுக்குள்ளே இருக்கிற அர்த்தம் இல்லை.

இதைவிட நேரடியான வசனம் ஒன்று இருக்கிறது. லூக்கா 6:32: "பாவிகளும் தங்களைச் சிநேகிக்கிறவர்களைச் சிநேகிக்கிறார்களே." இங்கே வருகிற இரண்டு "சிநேகிக்கிற"வும் அகாபேயின் வினைச்சொல்தான். கொடுத்தால் கொடுப்பேன், நீ சிரித்தால் நான் சிரிப்பேன் என்கிற, கணக்குப் பார்த்துச் செய்கிற அன்பை இயேசு அந்தச் சொல்லால்தான் சொல்கிறார். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று அவர் சொல்லும் இடத்திலும் அதே சொல். இரண்டு அன்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் காட்டுகிறார், மிகத் தெளிவாகவே காட்டுகிறார், ஆனால் யாரை, எதற்காக, எந்த நிலையில் என்பதை வைத்துக் காட்டுகிறாரே தவிர, சொல்லை மாற்றிக் காட்டவில்லை.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். செப்துவஜிந்த் என்பார்கள்; கிறிஸ்துவுக்கு முன் 3, 2-ஆம் நூற்றாண்டுகளில் யூதர்கள் எபிரெயத்திலிருந்து மொழிபெயர்த்தது. புதிய ஏற்பாட்டை எழுதினவர்களுக்கு நன்றாகப் பழகின வேதம் அது. அதில் 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரம், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த கதை. முதல் வசனத்தில் அவன் அவள்மேல் வைத்த மோகத்துக்கு வருகிற சொல் அகபாவோ. அந்த அக்கிரமத்தைச் செய்து முடித்தபிறகு, அவளை முன்பு விரும்பினதைக் காட்டிலும் இப்போது அதிகமாய் வெறுத்தான் என்று 15-ஆம் வசனம் சொல்கிறதே, அந்த "விருப்பம்" கிரேக்கத்தில் சாட்சாத் "அகாபே" என்ற பெயர்ச்சொல்லேதான். அகாபே என்றாலே பரிசுத்தமான அன்பு என்று மனப்பாடமாகச் சொல்லிப் பழகினவர்களுக்கு இந்த ஓர் அதிகாரம் போதும்.

உன்னதப்பாட்டிலும் காதலனுக்கும் காதலிக்கும் நடுவே உள்ளது அகாபேதான். "நேசத்தால் சோகமடைந்திருக்கிறேன்", "நேசம் மரணத்தைப்போல் வலிது" என்று நாம் வாசிக்கிற இடங்களில் கிரேக்கத்தில் அந்தச் சொல் வருகிறது. இன்னொன்றையும் கவனித்தீர்களா? அங்கே அகாபேக்குத் தமிழில் "நேசம்", யோவான் 21-ல் ஃபிலியோவுக்குத் தமிழில் "நேசிக்கிறேன்".

ஆதியாகமம் 37-ல் யாக்கோபு யோசேப்பை மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாய் நேசித்தான் என்று 3-ஆம் வசனம் சொல்லும்போது கிரேக்கத்தில் அகாபே. அப்படி நேசிக்கிறதைச் சகோதரர் கண்டார்கள் என்று 4-ஆம் வசனம் சொல்லும்போது ஃபிலியோ. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். நீதிமொழிகள் 8:17-ல் "என்னைச் சிநேகிக்கிறவர்களை நான் சிநேகிக்கிறேன்" என்று ஞானம் பேசுகிறது. அந்த ஒரே வரியில் மனிதர் பக்கம் ஃபிலியோ, ஞானத்தின் பக்கம் அகாபே, எபிரெயத்தில் இரண்டும் ஒரே வேர். ஆஹா, மனிதன் ஃபிலியோ காட்டினால் ஞானம் அகாபே காட்டுகிறது என்று இதிலும் ஒரு பிரசங்கம் உருவாக்கிவிடலாம், யாரும் இன்னும் செய்யவில்லை என்றால்தான் ஆச்சரியம். அதற்கு முன் நீதிமொழிகள் 3:12-ஐப் பாருங்கள், கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார் என்ற வசனம். அதை எபிரெயர் 12:6 எடுத்துச் சொல்லும்போது அகாபே. அதே எண்ணத்தை வெளிப்படுத்தல் 3:19-ல் உயிர்த்தெழுந்த இயேசுவே லவோதிக்கேயா சபைக்குச் சொல்லும்போது ஃபிலியோ. "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்." சிட்சையும் ஒன்று, அன்பும் ஒன்று, சொல் மட்டும் வேறு. அப்புறம் 1 கொரிந்தியர் 16:22: கர்த்தரிடத்தில் அன்புகூராதவன் சபிக்கப்பட்டவன் என்று பவுல் எழுதுகிற இடத்தில் இருப்பது ஃபிலியோ. பேதுரு சொன்ன அதே சொல். அந்த அன்பு இல்லாவிட்டால் சாபம் என்கிறார் பவுல். நம் பிரசங்கத்தில் அந்த அன்பு போதாமல் பேதுரு தோற்றுப்போகிறான்.

இனி 21-ஆம் அதிகாரத்துக்கே வருகிறேன். யோவானுக்கு ஒரே பொருளுக்கு மாற்றி மாற்றிச் சொல் போடுகிற பழக்கம் உண்டு. இந்த உரையாடலிலேயே அது கொட்டிக் கிடக்கிறது, நாம்தான் ஒரு ஜோடியை மட்டும் பிடித்துக்கொண்டோம். "மேய்ப்பாயாக" என்று தமிழில் மூன்று முறையும் ஒரே சொல். கிரேக்கத்தில் முதலும் மூன்றும் "பொஸ்கெ", நடுவில் "பொய்மய்னெ". "ஆட்டுக்குட்டிகள்" ஒரு முறை, "ஆடுகள்" இரண்டு முறை. "அறிவீர்" என்று பேதுரு சொல்வதில் ஒய்தா என்றும் கினோஸ்கோ என்றும் இரண்டு வினைச்சொற்கள், அதுவும் 17-ஆம் வசனத்தின் ஒரே வாக்கியத்துக்குள். கொஞ்சம் மேலே போனால், 3-ஆம் வசனத்தில் ஏறின படவுக்கு "ப்ளொயொன்", 8-ஆம் வசனத்தில் அதே படவுக்கு "ப்ளொயாரியொன்". பிடித்த மீனுக்கு 10-ஆம் வசனத்தில் ஒரு சொல், 11-ஆம் வசனத்தில் இன்னொரு சொல், வலையில் இருப்பது அதே 153 மீன்கள்தான். 20:21-ல் "பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்" என்பதில்கூட இரண்டு "அனுப்பு"வும் வெவ்வேறு வினைச்சொற்கள். அன்புக்கான ஜோடியில் மட்டும் ஆழ்ந்த இரகசியம் இருக்கிறது, மேய்ப்பது, ஆடு, அறிவது, மீன், படவு இவற்றில் எல்லாம் இல்லை என்றால், அப்படிப் பிரித்தெடுக்க ஒரு காரணம் வேண்டுமே. அன்பு நமக்குப் பிடித்த தலைப்பு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்கு இதில் மிகவும் பலமாகப் படுகிற வாதம் 17-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. "என்னை நேசிக்கிறாயா என்று அவர் மூன்றாந்தரம் தன்னைக் கேட்டபடியினாலே, பேதுரு துக்கப்பட்டு" என்கிறார் யோவான். துக்கத்துக்குக் காரணம் என்ன என்று நாம் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, எழுதினவரே சொல்லிவிட்டார்: மூன்றாந்தரம் கேட்டது. பிரசங்கத்தின்படி பார்த்தால் இயேசு ஃபிலியோ கேள்வியை மூன்றாம் தரம் கேட்கவே இல்லை, அதை முதல் தரமாக அப்போதுதான் கேட்கிறார். ஆனால் யோவானோ ஃபிலியோ என்ற சொல்லைப் போட்டே, அதை மூன்றாந்தரம் கேட்டார் என்று எண்ணுகிறார். அதாவது மூன்றும் அவருக்கு ஒரே கேள்வி. இன்னொன்று, பேதுரு முதல் இரண்டு முறையும் "ஆம் ஆண்டவரே" என்று ஆரம்பிக்கிறான். பெரியதைக் கேட்டதற்குச் சின்னதைக் கொடுக்கிறவன் "ஆம்" என்று சொல்வானா? "இல்லை ஆண்டவரே, ஆனால்" என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும்?

இந்தச் சொல் பேதத்தை நம்பின பெரிய அறிஞர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுதின இரண்டு பெரிய பெயர்கள், டப்ளின் பேராயர் ட்ரெஞ்ச், அப்புறம் வெஸ்ட்காட். இரண்டு பேருமே யோவான் வேண்டுமென்றேதான் சொல்லை மாற்றினார் என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், எது உயர்ந்தது என்பதில் இருவரும் நேர் எதிர். வெஸ்ட்காட்டுக்கு அகாபேதான் உயர்ந்தது, பேதுரு அதைச் சொல்லத் துணியாமல் தாழ்ந்ததைச் சொல்கிறான். ட்ரெஞ்சுக்கு அகாபே கொஞ்சம் குளிர்ந்த, மரியாதையான சொல். நெஞ்சு பொங்கிக்கொண்டிருக்கிற பேதுருவுக்கு அது போதவில்லை, அதனால் அவன் ஃபிலியோ என்ற நெருக்கமான சொல்லுக்கு மாற்றிச் சொல்கிறான், கடைசியில் இயேசுவும் அவன் வழிக்கு வருகிறார். கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்த இருவர் ஒரே வசனத்திலிருந்து நேர்மாறான தரவரிசை கண்டுபிடிக்கிறார்கள் என்றால், அந்த வரிசை வசனத்தில் இல்லை, வாசிக்கிறவர் மனதில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தில் எப்படி வாசித்தார்கள்? லத்தீன் மொழிபெயர்ப்பு சொல் மாற்றத்தைக் காப்பாற்றியது: கேள்விகளில் திலிகிஸ், திலிகிஸ், அமாஸ், பதில்களில் அமோ. ஆனால் அதே லத்தீனில் வாசித்த பழைய சபைப் பிதா அகஸ்டின், "தேவனுடைய நகரம்" என்ற நூலின் 14-ஆம் புத்தகத்தில் இந்த உரையாடலை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு சொல்லும் வேதத்தில் ஒரே பொருளில் வருகின்றன என்பதற்கு இதையே சாட்சியாக வைக்கிறார். கிரேக்கத்தையே தாய்மொழியாகப் பேசின இன்னொரு சபைப் பிதா கிறிசோஸ்தம் இந்தப் பகுதிக்குப் பிரசங்கம் செய்தபோதும் இப்படி ஒரு தரவரிசையைக் கட்டவில்லை. பெஷித்தா என்ற பழைய சீரிய மொழிபெயர்ப்பு மூன்று கேள்விக்கும் ஒரே வினைச்சொல்லைத்தான் போடுகிறது. இயேசுவும் பேதுருவும் பேசினது அரமேயிக், அதில் இந்தப் பேதமே கிடையாது என்று சிலர் வாதாடுவார்கள். அது பலவீனமான வாதம், நான் அதைப் பிடித்துத் தொங்கமாட்டேன். நம் கையில் இருப்பது யோவானின் கிரேக்கம், அதற்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டும். என்ஐவி என்ற ஆங்கில வேதாகமத்தின் 1984 பதிப்பில் முதல் இரண்டு கேள்விக்கும் "உண்மையாகவே" என்று ஒரு சொல்லைச் சேர்த்து வித்தியாசம் காட்டினார்கள், 2011 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் அகாபே ஏன் புதிய ஏற்பாட்டில் இவ்வளவு அதிகமாக வருகிறது? வினைச்சொல் 143 இடங்கள், ஃபிலியோ 25 இடங்கள்தான். இதற்குப் பதில் இறையியலில் இல்லை, மொழி வரலாற்றில் இருக்கிறது. ஹோமர் காலத்துக் கிரேக்கத்தில் அன்பு செய்வதற்குச் சாதாரணச் சொல் ஃபிலியோதான். நாளாக ஆக அதற்கு "முத்தமிடு" என்ற பொருள் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. யூதாஸ் "நான் எவனை முத்தஞ்செய்வேனோ" என்று அடையாளம் சொல்வதும் இந்த ஃபிலியோதான், மாற்கு 14:44. அதனால் கிறிஸ்துவுக்கு முன் 4-ஆம் நூற்றாண்டிலிருந்தே அன்பு என்ற பொதுப் பொருளுக்கு அகபாவோ மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தது. 1968-ல் ரோபர்ட் ஜோலி என்ற அறிஞர் இதைக் கிரேக்க இலக்கியத்திலிருந்து எடுத்துக் காட்டினார். செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள், அப்போஸ்தலர்களும் அப்படியே. இன்றைய கிரேக்கத்தில் காதலர்கள் "ஸ அகபோ" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், "ஃபிலி" என்றால் முத்தம்.

"நாலு வகை அன்பு" என்ற பட்டியலையும் கூடவே கேட்டிருப்பீர்கள்: ஈரோஸ் (காதல்), ஸ்டோர்கே (குடும்பப் பாசம்), ஃபிலியா (நட்பு), அகாபே. 1930-களில் ஸ்வீடனின் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரென் அகாபேயையும் ஈரோஸையும் எதிரெதிராக நிறுத்தி எழுதினார், 1960-ல் சி. எஸ். லூயிஸின் நூல் நான்கு அன்புகளாகப் பிரித்துப் பேசியது, அதிலிருந்து பிரசங்கங்களுக்குள் தாராளமாக இறங்கியது. அன்பைப் பற்றி யோசிக்க அந்த வகைப்பாடு உதவலாம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் ஈரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஒரு முறைகூட இல்லை, ஸ்டோர்கே என்ற பெயர்ச்சொல்லும் இல்லை. அதோடு சேர்ந்த சொற்கள் இரண்டு மூன்று இடங்களில் தலை காட்டுகின்றன, அவ்வளவுதான். 1961-ல் ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் இந்தப் போக்கையே கடுமையாகக் கண்டித்தார்: ஒரு வாக்கியம் முழுவதும் சேர்ந்து சொல்லும் கருத்தை ஒற்றைச் சொல்லுக்குள் திணித்துவிட்டு, அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் அந்தக் கருத்தையே பார்ப்பது. வேதத்தின் ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் கொடுத்திருக்கிற ஸ்ட்ராங்ஸ் எண்ணைத் தட்டினால் 25-க்கு (அகபாவோ) ஓர் அர்த்தம், 5368-க்கு (ஃபிலெயோ) ஓர் அர்த்தம் என்று கைப்பேசியில் வந்து நிற்கும்போது இந்தத் தவறு இன்னும் சுலபமாகிவிட்டது.

தேவனுடைய அன்பு நிபந்தனையற்றது, தன்னையே கொடுக்கிறது என்பதை இதனால் யாரும் மறுக்கவில்லை. அது யோவான் 3:16-ல் இருக்கிறது, ரோமர் 5:8-ல் இருக்கிறது, 1 கொரிந்தியர் 13-ல் விரித்துச் சொல்லியிருக்கிறது. "தம்முடைய ஒரேபேறான குமாரனைத் தந்தருளி" என்ற சொற்கள்தான் அந்த அன்பு எப்படிப்பட்டது என்று காட்டுகின்றன, அதற்கு முன் வருகிற வினைச்சொல் அல்ல. வினைச்சொல்லை மாற்றி ஃபிலியோ என்று போட்டிருந்தாலும் அந்த வசனம் ஒரு இம்மிகூடக் குறையாது.

எதிர்த்தரப்புக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சொற்கள் கலைந்து கிடக்கவில்லை, கேள்வியில் இரண்டு அகாபே, பதிலில் எப்போதும் ஃபிலியோ, கடைசியில் கேள்வியும் ஃபிலியோ என்று ஓர் ஒழுங்கு தெரிகிறது, அது தற்செயலா என்று கேட்டால், தற்செயல் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நடை அழகுக்காக யோவான் அப்படி அடுக்கியிருக்கலாம். கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் கடைசியில் ஒரே சொல்லில் வந்து சேர்வது காதுக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால் அது "இயேசு தம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டார்" என்பதற்குச் சாட்சி ஆகாது. அதுவும், அடுத்த இரண்டு வசனங்களில் பேதுரு தேவனை மகிமைப்படுத்தப்போகிற மரணத்தை இயேசு சொல்கிறார். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டவர் உயிரைக் கேட்பாரா?

வேதபாடம் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எடுங்கள், அகாபே ஃபிலியோ இல்லாமலே இந்தப் பகுதியில் எடுக்க ஏராளம் இருக்கிறது. 21:9-ல் கரையில் கரிநெருப்பு போட்டிருக்கிறது. கரிநெருப்புக்கு அங்கே வருகிற சொல் புதிய ஏற்பாட்டில் மொத்தம் இரண்டே இடங்களில்தான் வருகிறது. இன்னொன்று 18:18, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு நின்று குளிர்காய்ந்த நெருப்பு, "நான் அல்ல" என்று மறுதலித்த இடம். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி என்பது ஊர் அறிந்த விஷயம், அந்த நெருப்பைப் பலர் கவனிப்பதில்லை. 13:37-ல் "உமக்காக என் ஜீவனையும் கொடுப்பேன்" என்று பேதுரு வாய்விட்டதையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அன்று அவன் தானாகச் சொன்னதை 21:18-ல் இயேசு அவனுக்குச் சொல்கிறார். நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான் என்ற 10:11-உம் இங்கேதான் வந்து சேர்கிறது, மேய்க்கச் சொல்வதும் சாவைச் சொல்வதும் அடுத்தடுத்து வருவது அதனால்தான்.

முக்கியமாக, முதல் கேள்வியில் "இவர்களிலும் அதிகமாய்" என்ற சொற்களில் நிறுத்துங்கள். கிரேக்கத்தில் அது "இவைகளிலும்" என்றும் ஆகலாம், படவையும் வலையையும் காட்டிக் கேட்டதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்று மத்தேயு 26:33-ல் பேதுரு மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பேசினதை நினைத்தால் தமிழில் உள்ளதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. இப்போது அவன் பதிலைப் பாருங்கள். "ஆம் ஆண்டவரே, உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்." இவர்களைவிட அதிகம் என்பதை அவன் தொடவே இல்லை. தன் அன்புக்குத் தானே சாட்சி சொல்லாமல் "நீர் அறிவீர்" என்று அவரிடமே விட்டுவிடுகிறான், மூன்றாம் முறை "ஆம்" என்பதும் போய் "நீர் எல்லாவற்றையும் அறிவீர்" என்று நிற்கிறான். பிரசங்கியார் தேடின தாழ்மை இங்கே இருக்கிறது, கிரேக்கம் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி. பாடத்தில் யாராவது கையைத் தூக்கி "அகாபே, ஃபிலியோ சொல்லவில்லையே" என்று கேட்டால் அவரையே லூக்கா 6:32-ஐயும் யோவான் 5:20-ஐயும் எழுந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, முதலாவதில் பாவிகளுக்கு வருவது அகாபே, இரண்டாவதில் பிதாவுக்கு வருவது ஃபிலியோ என்று மட்டும் சொல்லுங்கள்.